காங்கியில் அப்லோடு வேகம் டவுன்லோடைப் போல இரண்டு மடங்கு: அலசிப் பார்த்தது

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டு லேப்டாப். டெபியன் லினக்ஸ், திரை ஓரத்தில் கணினியின் நிலவரம் காட்டும் காங்கி நிரல், 40 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். கரண்ட் போனால் ஃபைபர் பெட்டியும் படுத்துவிடும், அப்போது லேப்டாப்புக்குப் போனில் யூஎஸ்பி டெதரிங். எல்லா நெட்வொர்க் இன்டர்ஃபேஸையும் (தரவு வந்துபோகும் வாயில்கள்) கூட்டி வேகம் காட்டுவது காங்கிக்குள் ஓடும், லுவா மொழியில் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியே பிரித்து ஓட்டும் பெட்டி) கோப்பு இறங்கும்போது விநாடிக்கு டவுன்லோடு 4.7 மெகாபைட், அப்லோடு 9.4 என்று காட்டியது.

40-க்கு 4.7 வருவது சரிதான். 40 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 5 மெகாபைட். 1024 கணக்கில் அதுவே 4.77. அப்லோடுதான் கோளாறு.

இப்படிப்பட்ட நிரல்கள் வேகத்தை நேராக அளப்பதில்லை. ப்ராக் அடைவில் நெட், அதற்குள் டெவ் என்ற கோப்பில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரு வரி இருக்கும். பெயரை அடுத்த முதல் எண் இதுவரை வந்த பைட், ஒன்பதாவது எண் போன பைட். இரண்டு முறை படித்து, கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுப்பதோடு சரி.

கன்டெய்னருக்குப் போகும் தரவு நெட்வொர்க் கார்டில் 'வந்தது'. அதே தரவு கன்டெய்னர்களை இணைக்கும் டாக்கர் பிரிட்ஜில் 'போனது', பிரிட்ஜிலிருந்து கன்டெய்னருக்குப் போகும் வீத் என்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸிலும் 'போனது'. எல்லா வரியையும் கூட்டினால் அப்லோடு இரட்டிக்காமல் என்ன செய்யும்? விபிஎன் போட்டாலும் இதே கதை: டன்னலில் ஒருமுறை, கார்டில் ஒருமுறை.

பெயரை வைத்து வடிகட்டினால் டெதரிங் செருகியதும் புதுப் பெயர் வந்து கவிழ்க்கும். சிஸ் அடைவில் கிளாஸ், நெட் என்று இறங்கி, இன்டர்ஃபேஸ் பெயருக்குள் 'டிவைஸ்' என்ற இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி. கார்டு, வைஃபை, டெதரிங் மூன்றுக்கும் இருக்கும். லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும் வழி), டாக்கர், வீத், டன்னல் எதற்கும் இருக்காது. இணைப்பு உள்ளவற்றை மட்டும் கூட்டியதும் அப்லோடு சில பத்து கிலோபைட்டுக்கு இறங்கியது.

சரிபார்க்க, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு ரூட்டருக்கு 1472 பைட் அளவில் 100 பிங். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகள் 28 பைட், ஈதர்நெட் தலைப்பு 14 பைட் சேர்ந்து பாக்கெட்டுக்கு 1514. பைட் கவுன்டர் வரவு, போக்கு இரண்டிலும் 1,51,400 ஏற வேண்டும், பின்னணியில் ஓடும் பிற தரவால் கொஞ்சம் கூடும். வரவில் 400 அதிகமென்றால் அந்த டிரைவர் கடைசி 4 பைட் சரிபார்ப்பையும் எண்ணுகிறது.

அடுத்தது நேரம். லுவாவின் ஓஎஸ் டைம் முழு விநாடிதான் தரும். 2 விநாடி இடைவெளியில் அது 1 என்றோ 3 என்றோ சொன்னால் வேகம் தாறுமாறாகும். ஓஎஸ் கிளாக் அளப்பது சிபியு நேரத்தை, இதற்கு உதவாது. ப்ராக் அடைவின் அப்டைம் கோப்பில் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை கிடைக்கிறது, அதுவே போதும். இடைவெளியை அரை விநாடிக்குக் குறைக்கவும் வேண்டாம். சில கார்டுகள் கணக்கை விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். அப்போது ஒருமுறை பூஜ்யம், மறுமுறை இரட்டிப்பு.

போனைப் பிடுங்கிச் செருகினால் கவுன்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கழித்தால் லுவாவில் மைனஸ், குறியில்லா எண் வைத்த சி நிரலில் எக்ஸாபைட். புது எண் பழையதைவிடச் சிறிதென்றால் அந்த வாசிப்பைத் தள்ளிவிடுங்கள். 32 பிட் சுற்று என்று நினைத்து 4 ஜிபி கூட்டும் பழைய ஸ்கிரிப்டுகள் இங்கேதான் மாட்டும்.

இதற்குப் பிறகும் கோப்பு அளவைவிட சுமார் 4.6 சதவீதம் அதிகம் காட்டும். 1514 பைட் பாக்கெட்டில் தலைப்புகளும் டிசிபி நேரமுத்திரையும் போக உள்ளடக்கம் 1448தான். அதை விட்டுவிடலாம்.