பேவர் பிளாக்கா, கால்வாயா? எங்கள் வார்டு குழு முடிவெடுத்த விதம்

வார்டு குழுவில் நான் உறுப்பினர் என்று தெரிந்ததும் தெருவில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, நம்ம தெருவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க?" தெருவாரியாகப் பணத்தைப் பிரித்து யாரும் எங்கேயும் எடுத்து வைக்கவில்லை. நாம் கேட்கிற விதத்தையும், யார் வந்து கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்துத்தான் அது எந்தத் தெருவுக்குப் போகும் என்பது பெரும்பாலும் முடிவாகிறது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அடுத்த பகுதி சபைக்கு, அதாவது வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கிற கூட்டத்துக்கு, வருகிறவர்கள் கொஞ்சம் விவரத்தோடு வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் கடலூரில், கெடிலம் ஆற்றை ஒட்டிய ஒரு வார்டில் குடியிருக்கிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த வீட்டுப் பிள்ளை எடை குறைந்திருக்கிறது, எந்த வீட்டில் மழை வந்தால் சமைக்க முடியாது என்பதெல்லாம் அந்த வேலையில் தானாக மனதில் பதிந்துவிடும். குழுவில் நான் வாயைத் திறப்பதும் அந்தத் தைரியத்தில்தான்.

கடலூர் 1866-லேயே நகராட்சி ஆன ஊர். 2021-ல் மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. வார்டு குழு, பகுதி சபை பற்றிய விதிகளை அரசு கொண்டு வந்ததும் அதே ஆண்டில்தான். அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. 2011 கணக்கெடுப்பில் கடலூரில் ஒன்றே முக்கால் லட்சம் பேர்கூட இல்லை. ஆகவே மாநில விதி வந்திராவிட்டால் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்த நாற்காலியே கிடைத்திருக்காது. அதனால்தான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வார்டைச் சில பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதியில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அந்தப் பகுதி சபையின் உறுப்பினர்கள். பகுதிப் பிரதிநிதிகளும் கவுன்சிலரும் சேர்ந்தது வார்டு குழு, அதற்குத் தலைவர் கவுன்சிலர். சபையில் வருகிற கோரிக்கைகளை எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது குழுவின் வேலை. செலவு செய்கிற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. பொறியாளர் எஸ்டிமேட் போட வேண்டும், மன்றக் கூட்டத்தில் தீர்மானம் ஆக வேண்டும், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று அது நீண்டுகொண்டே போகும். ஆனால் வரிசையில் முதல் இடத்தில் இருக்கிற வேலைக்கும் ஏழாவது இடத்தில் இருக்கிற வேலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது ஒரு மழைக்காலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் நம் அளவு ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்கு என்று கட்டி வைத்திருந்தார்கள். மீதி 40-ஐ ஊர்த் தேவைக்குச் செலவு செய்யலாம், சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று இருந்தது. எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி 3 கோடி. எம்.பி. நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் வசிக்கும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடி மக்கள் வசிக்கும் பகுதிகளுக்கும் போக வேண்டும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்கிற அதிகாரியின் குரலே மாறுகிறது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக வேலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் பங்குத்தொகை திரட்ட முடிகிற தெருவுக்குத்தான் அது சீக்கிரம் வந்து சேரும். திரட்ட முடியாத தெருவுக்கு வேறு கணக்கைத் தேடுவது குழுவின் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன்.

சரி, போன சபை விஷயத்துக்கு வருகிறேன். தெருப் பெயர் வேண்டாம், முன் தெரு, பின் தெரு என்றே வைத்துக்கொள்வோம். முன் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவோடு ஒன்றாக வந்திருந்தார்கள். சிமென்ட் சாலை பெயர்ந்துவிட்டது, பேவர் பிளாக் போட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நியாயமானதுதான். அந்தச் சாலையில் வயதானவர்கள் தடுக்கி விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். பின் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? அந்தத் தெருப் பெண்களில் பலர் விடியும் முன்னாலேயே முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, அந்த நேரத்தில் ஊருக்குள் விற்றுக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் லோடு ஏற்றப் போயிருப்பார்கள். மழைத் தண்ணீர் வடிய கால்வாய் வேண்டும் என்று அவர்கள் வாசலில் நின்று என்னிடம் சொன்னதுதான் இருந்தது. அதற்கு மனுவும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

வந்தவர்கள் கேட்டதை மட்டும் எழுதிக்கொண்டால் அன்றைக்கே முடிவு ஆகியிருக்கும். இரண்டு தெருவையும் நடந்து பார்த்துவிட்டு வரிசை போடலாம் என்று நான் சொன்னேன். கவுன்சிலர் தம்பி ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின் தெருவிலிருக்கும் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் லெவல் டியூப் கொண்டு வந்தார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மாதிரி நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையைப் பின் தெருவில் ஒரு வீட்டுச் சுவரோடு சேர்த்து அவர் பிடித்தார். இன்னொரு முனையை அவருடைய மகன் மெயின் ரோட்டுச் சாக்கடை வாய்க்குக் கொண்டு போனான். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தப்பாகிவிடும் என்று கொத்தனார் விரலால் சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றினார். தண்ணீர் ஆடி நிற்கும்வரை யாரும் பேசவில்லை. அப்புறம் இரண்டு பக்கமும் கரித்துண்டால் கோடு போட்டார்கள். கோட்டிலிருந்து கீழே அளந்து பார்த்தால், தண்ணீர் போய் விழ வேண்டிய சாக்கடை வாய், பின் தெரு வீட்டு வாசலைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படி வெளியே போகும்? மெயின் ரோட்டுத் தண்ணீர்தான் உள்ளே வரும்.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புது அடுக்கைப் போட்டிருக்கிறார்கள், சாக்கடையையும் அதற்கேற்ப உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பின் தெருவில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது சாலையிலிருந்து இறங்கிப் போகிறோம். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டிருக்கிறார். அந்த உத்தரவை ஒவ்வொரு வார்டு குழு உறுப்பினரும் ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன் தெருவில் இருக்கிற சிமென்ட் சாலைக்கு மேலேயே பேவர் பிளாக் பதித்தால் என்ன ஆகும்? கல் மட்டும் 60 அல்லது 80 மில்லிமீட்டர், அதற்கு அடியில் மணல் வேறு. அத்தனை தண்ணீரும் பின் தெருவுக்குத்தான் இறங்கும். 2015 வெள்ளத்தையும் 2024-ல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் இது. தானே புயல் 2011-ல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. இங்கே ஒரு சாண் மட்டம் என்பது அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றுவதா வேண்டாமா என்கிற விஷயம்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே நகரங்களுக்கு மத்திய அரசு தருகிற சமூக மேம்பாட்டு மானியம் பற்றிப் போனில் சொன்னான். 1974-ல் சட்டம் போட்டு ஆரம்பித்ததாம். அந்தப் பணத்தில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தரத்துக்கும் கீழான வருமானம் உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும். குழந்தைப் பராமரிப்பு போன்ற சேவைகளுக்கு 15 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். குழந்தைப் பராமரிப்பு என்றதும் எனக்கு அங்கன்வாடி ஞாபகம்தான் வந்தது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த 70. யார் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, இல்லாதவனுக்கு இவ்வளவு என்று சட்டம் ஒதுக்கி வைத்துவிடுகிறது. நம் வார்டு குழுக்களுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். அது வரும்வரை நாமே அதை வழக்கமாக்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

குழு மறுபடி கூடியபோது முன் தெருவிலிருந்து ஒரு பெரியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோபமாகத்தான் பேசினார். "வரி ஒழுங்கா கட்டுறவங்க நாங்க. எங்களுக்கு எப்பவும் அடுத்த வருஷம்தானா?" அவர் சொன்னதில் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் எங்களோடு நடந்து வந்திருந்தார், கரிக்கோட்டையும் பார்த்திருந்தார். அதனால் கால்வாய் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, தன் தெருவை எழுதாமல் விட்டுவிடக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். நெடுநேரம் பேசி, முதல் இடத்தில் பின் தெருக் கால்வாய், அது கெடிலம் பக்கம் போகிற பெரிய வாய்க்காலில் சேர வேண்டும் என்று எழுதினோம். இரண்டாவது இடத்தில் முன் தெரு, பழைய சிமென்டை உடைத்து எடுத்த பிறகே பேவர் பிளாக் என்ற நிபந்தனையோடு. உடைத்து அள்ளுகிற செலவு கூடும் என்று உதவிப் பொறியாளர் சொன்னார். கூடட்டும். பெரியவர் முகம் கொடுக்காமல்தான் எழுந்து போனார்.

கால்வாய்க்கு எஸ்டிமேட் தயாராகிவிட்டது, பார்க்கக் கொடுத்தார்கள். நீளமும் அகலமும் சரியாக இருக்கின்றன. மேல்மூடி மட்டும் எஸ்டிமேட்டில் இல்லை. அந்தத் தெருவில் தத்தி நடக்கிற பிள்ளைகள் நிறைய, திறந்து கிடக்கிற கால்வாயை அவர்கள் வாசலில் விட முடியாது. டெண்டர் விடுவதற்குள் மூடியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சபையை மாலை ஆறு மணிக்கு மேல், பின் தெருவிலேயே வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம், கவுன்சிலர் சரி என்றிருக்கிறார். எங்கள் வார்டுக்காரர்கள் இதைப் படித்தால், தேதி தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். குடிநீர்க் குழாய்க் கோரிக்கையும் அன்றைக்குத்தான் வரிசைக்கு வருகிறது.