பையன் மேல்தானே தப்பு?

பாளையங்கோட்டை ஸ்டுடியோ அண்ணாச்சி அன்று என் கடையில் நின்று கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, பையன் மேலதான தப்பு?" திறக்க மறுத்த அவருடைய ஹார்ட் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நான், "ஆமா அண்ணாச்சி, எஜெக்ட் பண்ணாம உருவுனா இப்படித்தான் ஆகும்" என்றேன். எஜெக்ட் என்றால், உருவும் முன் கணினியிடம் சொல்லித் தொடர்பை மூடுவது. ஸ்டுடியோவில் வேலை பார்த்த அந்தப் பையன் வாசலில் பைக் பக்கத்தில் நின்றிருந்தான், காதில் விழுந்திருக்கும். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்று இந்த ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த 2 டிபி டிஸ்கை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து கொடுத்தவன் நான்தான். ஆல்பம் வடிவமைப்பது விண்டோஸில், வீடியோ வெட்டுவது மேக்கில் என்றிருக்கும் இடத்தில் வேறு எதைக் கொடுத்திருக்க முடியும்? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை என்றால் மேக் வாசிக்கும், தனி மென்பொருள் போடாமல் எழுதாது. ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, முகூர்த்த வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். மேக்கின் சொந்த முறையை விண்டோஸ் தானாகத் திறக்காது. 2006இல் வந்த எக்ஸ்ஃபேட்தான் இரண்டு பக்கமும் எழுத இடம் கொடுத்தது. தேர்வில் பிழையில்லை. ஆனால் என்டிஎஃப்எஸ் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. எழுதும் நடுவில் தொடர்பு அறுந்தால், எது முடிந்தது, எது முடியவில்லை என்பது அதற்கே தெரியாது. இதை நான் அண்ணாச்சியிடம் சொன்னேனா? சொன்னதாகவே நினைவு.

மீட்பு வேலை பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஃபார்மட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்டபோது சம்மதிக்காமல் தூக்கி வந்தாரே, அதுவே பாதி வெற்றி. லினக்ஸ் லேப்டாப்பில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்கையும் நகலெடுத்து, நகலின் மேல்தான் கைவைத்தேன். ஒரு வள்ளியூர் கல்யாணத்தின் தாலி கட்டும் பகுதி மட்டும் பாதியில் நின்றுவிட்டது. கேமரா கார்டை அதற்குள் அடுத்த வேலைக்குத் துடைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டிஸ்கை வாங்க வந்த பையனிடம், நடந்ததை அப்போதுதான் கேட்டேன். முதலில் கரண்ட் போயிருக்கிறது. பிறகு செருகியபோது மேக்கில் டிஸ்க் வரவில்லை. "பத்து நிமிசமாக் காட்டவே இல்லண்ணே, அதான் உருவிட்டு மறுபடி செருகுனேன். காட்டாதத எப்படிண்ணே எஜெக்ட் பண்ண?"

எனக்குப் பதில் வரவில்லை. சரியாக மூடப்படாத எக்ஸ்ஃபேட் டிஸ்கைச் செருகினால், மேக் அதைத் திரையில் காட்டும் முன் பின்னணியில் ஓசையின்றிச் சோதிக்கத் தொடங்கும். நிறைந்த பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் அவன் உருவியிருக்கிறான். விளக்கு மினுங்குகிறதா என்று பார்த்திருக்கலாம்தான். ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது?

அண்ணாச்சிக்கு போன் போட்டு இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படிப்பட்ட ஃபார்மட்டை ஏன் கொடுத்தாய் என்று கேட்பார். விளக்கினாலும் சாக்காகத்தான் படும். யுபிஎஸ் வாங்காதது அவர். இன்னொரு நகல் எடுக்காமல் கார்டைத் துடைத்தது பையன். துடைக்கச் சொன்னது யாரோ. இப்படிக் கணக்குப் போட்டால் என் பங்கு சிறியதாகத்தான் வருகிறது. போடுபவன் நான் என்பதால் அப்படி வருகிறதோ என்னவோ. சில மாதங்களில் பையன் தூத்துக்குடிப் பக்கம் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டான். காரணம் இதுதானா என்று நான் விசாரிக்கவில்லை.

போன மாதம் அண்ணாச்சி புது டிஸ்க் கொண்டுவந்தார். மறுபடியும் எக்ஸ்ஃபேட்தான். இந்த முறை எல்லாவற்றையும் விளக்கி, டிஸ்கின் மேல் ஒரு சீட்டும் ஒட்டிக் கொடுத்தேன். சீட்டை வாசித்துவிட்டு, "இத அன்னைக்கே சொன்னீங்களா தம்பி?" என்றார்.

"சொன்னேனே அண்ணாச்சி."

அவர் போனபின் பழைய பில் புத்தகத்தின் கார்பன் பிரதியைப் புரட்டினேன். '2 டிபி, ஃபார்மட்' என்று மட்டுமே இருந்தது. எஜெக்ட் செய்வதைப் பற்றியெல்லாம் பில்லில் யார் எழுதுவார்கள்.