முதலில் லைப்ரரி, பிறகே கட்டளைகள்

சென்ற ஞாயிறு ஹட்டனில் மழை விடவேயில்லை. பல நாளாகத் தள்ளிப்போட்ட வேலையை அன்று எடுத்தேன்: 1980களின் வீட்டுக் கணினியான என் அமிகா 500இன் இயங்குதள வட்டில் (வேர்க்பெஞ்ச் 1.3) இருந்த பழைய கட்டளைகளுக்குப் பதிலாக, ஏ.ஆர்.பி. என்னும் மாற்றுத் தொகுப்பின் கட்டளைகளை இட்டேன்.

அருகிலிருந்து பார்த்த தங்கை மகள், "மாமா, அதே 'டிர்' தானே? என்ன மாறியது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தக் கணினியில் டிர் (கோப்புகளைப் பட்டியலிடுவது), கொப்பி, டிலீட் போன்றவை வட்டின் 'சி' கோப்புறையில் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், அதே பெயரில் வேறொரு கோப்பை வைத்தாலே போதும், கட்டளை மாறிவிடும். 1985இல் அமிகாவை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கேம்பிரிட்ஜில் உருவான டிரைபொஸ் என்னும் இயங்குதளத்தைத் தழுவி, அமிகாவில் வட்டையும் கோப்புகளையும் கையாளும் டொஸ் பகுதியை அமைத்தார்கள்; அதனால் இக்கட்டளைகள் பி.சி.பி.எல். மொழியில் எழுதப்பட்டிருந்தன. அம்மொழி நினைவகத்தை நான்கு பைட் கொண்ட சொற்களாக எண்ணுவதால், முகவரிகளை நான்கால் வகுத்துத் தர வேண்டியிருந்தது. இது சி மொழியில் எழுதுவோருக்குப் பெரும் இடைஞ்சல். சார்லி ஹீத் தொடங்கிய ஏ.ஆர்.பி. திட்டம் இக்கட்டளைகளைப் புதிதாக எழுதி, அவற்றுக்குப் பொதுவான வேலைகளை லைப்ரரி என்னும் ஒரே பொதுக் கோப்பில் சேர்த்தது. ஒவ்வொரு கட்டளையும் சிறுத்துவிட்டது. 880 கிலோபைட் வட்டில் இது சிறிய இலாபமன்று. எந்தப் பெயரையும் குறிக்க '#?' என்று தட்டிய இடத்தில் இனி நட்சத்திரக் குறியே போதும்.

மூல வட்டில் எதுவும் எழுதப்படாதபடி அதன் தாழ்ப்பாளைப் பூட்டி, நகலில்தான் வேலை செய்தேன். ஆனாலும் வரிசையைத் தவறவிட்டேன். லைப்ரரியை வைக்குமுன் கட்டளைகளை மாற்றிவிட்டதால், அடுத்து எதைத் தட்டினாலும் லைப்ரரி இல்லையென்று மறுத்தது. கொப்பி இயங்க லைப்ரரி வேண்டும்; லைப்ரரியைக் கொண்டுவரக் கொப்பி வேண்டும். மூல வட்டிலிருந்து கணினியை மீண்டும் தொடங்கி, பழைய கொப்பியை ராம் வட்டில் (நினைவகத்தின் ஒரு பகுதியே வட்டுப்போல் இயங்குவது) ஏற்றி, அதைக் கொண்டு லைப்ரரியையும் ராமில் எடுத்துவைத்து, பின் நகல் வட்டைச் செருகி அதன் 'லிப்ஸ்' கோப்புறையில் எழுதினேன். ஒற்றை டிரைவ் உள்ளவர்களுக்கு இந்த ராம் வழியே நல்லது. இல்லாவிட்டால் வட்டை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிடும்.

நம் பக்கத்தில் இடி இடித்தால் மின்சாரம் போவது வழக்கம். எழுதும் நடுவில் அது நின்றால் வட்டில் எந்த இடம் நிரம்பியது, எது காலி என்று காட்டும் இடவரைபடம் குலைந்துவிடும் என்பதால், இடி ஓயும் வரை காத்திருந்தேன். டிரைவ் விளக்கு அணையுமுன் வட்டில் கை வைக்கவுமில்லை. ரொம் என்னும் நிலையான நினைவகச் சில்லிலுள்ள பிழைகளைத் திருத்தும் செட்பெட்ச் கட்டளையை மட்டும் பழையபடியே விட்டிருக்கிறேன். மூல வட்டு இப்போது, ஈரம் ஏறாதிருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது.