தமிழில் ஒரு கடைக்கு இணையதளம்: டொமைன் முதல் பேக்கப் வரை

ஏழெட்டுப் பக்கமுள்ள ஜவுளிக்கடைத் தளத்தில் எது வேலையை இழுத்தடிக்கும் என்று கேட்டால் பலரும் டிசைன் என்பார்கள். நிஜத்தில் இழுத்தடிப்பது தமிழ் உரை.

முதலில் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். என்ன பெயர் என்பதைவிட யார் பெயரில் என்பதுதான் முக்கியம். டெவலப்பர் தன் கணக்கில் வாங்கிவிட்டு, பிறகு போனை எடுக்காமல் போனால் கடைக்காரர் கையில் ஒன்றும் மிஞ்சாது. உரிமையாளரின் இமெயில், அவருடைய கார்டு, ஆட்டோ ரினியூவல். அந்த இமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் நினைவூட்டல் மெயிலும் வராது.

அடுத்து உரை. கடைக்காரர் தருவது பெரும்பாலும் நோட்டீஸ் அடித்த டிடிபி ஃபைல்தான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கும். கன்வெர்ட்டரில் போட்டு, எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடாக்கியதும் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். 'கௌரி' பல இடங்களில் 'கெளரி' என்று வந்திருக்கும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும். தளத்தின் தேடல் பெட்டியில் சரியாகத் தட்டினால் அந்தப் பக்கம் சிக்காது. 'கொ'வுக்கும் இரண்டு வடிவம் உண்டு: கொம்பும் காலும் ஒரே குறியீடாக, அல்லது தனித்தனியாக. இதை என்எஃப்சி நார்மலைசேஷன் (இரு வடிவங்களை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு முறை) சரிசெய்துவிடும், ளகரத்தைச் செய்யாது. அதை மொத்தமாக மாற்றவும் முடியாது. 'தெளிவு', 'வெளி' எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதுதான் வழி.

உரை முழுசாகக் கைக்கு வந்த பிறகே டிசைன். 'கான்டாக்ட்' என்ற சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் 'தொடர்புகொள்ளுங்கள்' நுழையாது. போன் திரையின் 360 பிக்சல் அகலத்தில் தொடங்கி மேலே போங்கள். வரி உயரம் எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் கீழே இறங்கினால் மேல்வரியின் 'டு', 'நூ' வால்கள் கீழ்வரியின் புள்ளிகளில் முட்டும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் 'வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்' வேண்டாம், சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டும்; 'ஓவர்ஃப்ளோ-ராப்' போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவச எழுத்துருக்கள். ரெகுலர், போல்டு தவிர வேறு தடிமன்களை ஏற்றாதீர்கள்.

விலையும் சரக்கும் அடிக்கடி மாறாத கடைக்கு ஸ்டேட்டிக் தளமே (முன்கூட்டியே எழுதிவைத்த பக்கங்கள் மட்டும்) தாராளம். வேர்ட்பிரஸ் என்னும் தள மென்பொருள்தான் என்றால் ஸ்லக்கை, அதாவது ஒரு பக்கத்தின் முகவரியில் கடைசியாக வரும் பகுதியை, கவனியுங்கள். 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 45 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் ஸ்லக்கை 200 எழுத்தில் வெட்டிவிடும், அதாவது 22 குறியீட்டோடு சரி. நீளத் தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அசிங்கமாகவும் தெரியும். ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல் வைப்பது நல்லது. தளம் வெளியான பின் மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பும் 301 ரீடைரக்ட் கட்டாயம்.

படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் சேமியுங்கள். அகலமும் உயரமும் எச்டிஎம்எல்லில் எழுதியிருந்தால், படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது. முதல் திரையில் உள்ள பெரிய படமோ உரைப்பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அதை ஆபீஸ் வைஃபையில் சோதிப்பதில் பிரயோஜனமில்லை. மலிவான ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

வெளியிடும் நாளுக்கு முன்பே டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் விநாடிகளை, 300 ஆக்குங்கள். பழைய மதிப்பு 86400 என்றால் ஒரு முழு நாள் முன்னால் செய்தாக வேண்டும். டொமைனைச் சர்வரின் ஐபி முகவரியோடு இணைக்கும் ஏ ரெக்கார்டை மாற்றினால் போதும் என்னும்போது, எல்லா ரெக்கார்டுகளும் இருக்கும் நேம்சர்வரைத் தொடாதீர்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் புது இடத்தில் எழுத மறந்து, கடையின் மெயில் நின்றுபோவது இங்கேதான். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழ் 90 நாளுக்குத்தான், தானாகப் புதுப்பிக்கிறதா என்று பாருங்கள். சோதனைக் காலத்தில் போட்ட 'தேடுபொறிகள் வேண்டாம்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். கூகுளில் தளம் வரவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வாட்ஸ்அப் லிங்க்கில் எண்ணுக்கு முன் 91 மட்டும். பிளஸ் குறியோ சுழியமோ கூடாது.

பேக்கப் அதே சர்வரில் இருந்தால் பேக்கப்பே இல்லை. வேறிடத்தில் வைத்து, அவ்வப்போது ஒரு சோதனைத் தளத்தில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். தமிழ் கிறுக்கல் எழுத்துகளாக வந்தால், டேட்டாபேஸின் எழுத்துத்தொகுதி யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கிறதா என்று சரிபார்த்து பெரும்பாலும் மீட்டுவிடலாம். டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்த டம்ப் ஃபைலைத் திறந்தாலே கேள்விக்குறிகளாக இருந்தால் உரை அதில் இல்லவே இல்லை. எக்ஸ்போர்ட்டை மறுபடி எடுக்க வேண்டும்.