ஆற்று வாயை அளந்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்

நேற்று ரிசல்ட் வந்தது. இரண்டாம் முறை எழுதி பி பிளஸ். போன வருடம் இதே பேப்பரில் ஃபெயிலானேன். படிக்காமல் போனதால் இல்லை, ஒரே ஒரு பெருக்கல் கணக்கைப் போடாததால். நியூசிலாந்தில் சுற்றுச்சூழல் திட்டமிடல் படித்து, வட்டார கவுன்சில் (ஆறு, கடற்கரை, ஈரநிலம் எல்லாம் பார்க்கும் உள்ளாட்சி) பகுதியில் முழிக்கிறவர்களுக்காக இது. கீழே வரும் பிரிவு எண்களெல்லாம் அங்குள்ள வள மேலாண்மைச் சட்டத்தின் (RMA) எண்கள்.

போன வருடக் கேள்வியில் ஒரு கற்பனை ஆறு. முகத்துவாரம் 60 மீட்டர் அகலம். அங்கிருந்து 450 மீட்டர் மேலே ஒரு படகுத்துறை கட்ட வேண்டும், பக்கத்தில் சதுப்பு. உப்புத்தண்ணீர் அதுவரை ஏறும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் கடல்தான் என்று முடிவு கட்டி, கடல் பகுதிக்கான பிரிவு 12, அரசின் கரையோரக் கொள்கை அறிக்கை 2010, அதை வைத்து நடந்த கிங் சால்மன் வழக்கு என்று ஆறு பக்கம் எழுதித் தள்ளினேன். கையெழுத்துகூட அன்றைக்கு அழகாக இருந்தது.

சட்டத்துக்கு உப்பைப் பற்றிக் கவலை இல்லை. பிரிவு 12 பொருந்தும் கரையோரக் கடல் பகுதியின் நிலப்பக்க எல்லை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏறும் உயர் ஓதங்களின் சராசரிக் கோடு. ஆனால் அந்தக் கோடு ஆற்றைக் கடக்கும் இடத்தில் கணக்கு வேறு: முகத்துவாரத்திலிருந்து மேலே 1 கி.மீ., அல்லது வாயின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது குறைவோ அது. 60 பெருக்கல் 5, 300 மீட்டர். என் படகுத்துறை 450-இல் இருக்கிறது. ஆகவே அது ஆற்றுப்படுகை, பிரிவு 13. கரையோரக் கொள்கை அறிக்கை அந்தக் கோட்டைத் தாண்டியும் பேசும் என்பதால் கொஞ்சம் மார்க் கிடைத்தது. மற்றதெல்லாம் போச்சு.

சதுப்பும் இதே கோட்டில்தான் மாட்டுகிறது. நன்னீருக்கான 2020 தேசியத் தரங்கள் ஈரநிலத்தைச் சுற்றி வைக்கும் 10 மீட்டர், 100 மீட்டர் கட்டுப்பாடுகள் எல்லாம் 'இயற்கை உள்நாட்டு ஈரநிலம்' என்பதற்குத்தான். கரையோரக் கடல் பகுதிக்குள் இருக்கும் சதுப்பு அந்த வரையறையில் வராது. கோட்டைத் தப்பாகப் போட்டால் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சாயும். அதனால், முதல் பக்கத்தில் பென்சிலால் ஆறு, வாய், கோடு. அப்புறம்தான் பேனா. வாய் 200 மீட்டரைத் தாண்டினால் கணக்கே வேண்டாம், 1 கி.மீ.தான்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்:

- நிலப் பயன்பாட்டுக்கான பிரிவு 9-இல் விதி தடுக்காவிட்டால் செய்யலாம். கடல், ஆற்றுப்படுகை, நீர், கழிவு வெளியேற்றம் பற்றிய 12 முதல் 15 வரை பெரும்பாலும் தலைகீழ்: விதியோ கன்சென்ட்டோ (கவுன்சில் தரும் அனுமதி) இடம் கொடுத்தால்தான் செய்யலாம்.
- வட்டாரத் திட்டங்களில் கரையோரத் திட்டம் மட்டும் கட்டாயம். அதற்கு இயற்கைப் பாதுகாப்பு அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும்.
- ஆக்லாந்து, கிஸ்பர்ன், நெல்சன், டாஸ்மன், மார்ல்பரோவில் வட்டார, மாவட்ட வேலை இரண்டும் ஒரே கவுன்சிலிடம். அங்கே 'மாவட்ட கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும்' என்று எழுதி வைக்காதீர்கள்.
- சீனியர் கொடுத்த 2023 நோட்ஸில் வள மேலாண்மைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இயற்கை மற்றும் கட்டமைந்த சூழல் சட்டம் இருந்தால் கிழித்துப் போடுங்கள். அந்த வருட ஆகஸ்டில் வந்து டிசம்பரில் ரத்தானது.
- தே மானா ஓ தே வை (நீரின் மாண்பு என்ற மாவோரிக் கருத்து, நன்னீர்க் கொள்கையின் அடிப்படை) முன்னுரிமை வரிசை: முதலில் நீர்நிலை, பிறகு மக்களின் உடல்நலத் தேவை, கடைசியில் பொருளாதாரம் உள்ளிட்ட மற்றவை. 2024 அக்டோபர் திருத்தத்துக்குப் பின் கன்சென்ட் முடிவுகளில் இந்த வரிசையைப் பார்க்கக்கூடாது.

கிங் சால்மன் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், கரையோரக் கொள்கை அறிக்கையில் 'தவிர்' என்றால் 'அனுமதிக்காதே' என்று பொருள் கொண்டது. நம்மூர் போர்டில் 'தவிர்க்கவும்' என்று பார்த்தால் கெஞ்சல் மாதிரித்தான் தோன்றும். அந்தப் பழக்கத்தில் நான் அதை லேசாக எடுத்துக்கொண்டேன்.

உதாரணத்துக்கு ஐந்தாறு ஏரி, ஆறு என்று பரப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவராது, மெதுவாக எழுதுகிறவன். வைகாட்டோவின் ஃபாங்காமரினோ சதுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கும் அதே சதுப்பு, வைகாட்டோ ஆற்று வெள்ளத்தைத் தேக்கும் இடமும்கூட. வெள்ளத் தடுப்பு வேலையும் ஈரநிலத்துக்கான விதிகளும் ஒரே கவுன்சில் கையில் என்பதால், எந்தக் கேள்விக்கும் அதைத் திருப்பிப் போடலாம்.

இந்த முறை வந்த ஆற்றுக்கு வாய் 250 மீட்டர். சந்தோஷத்தில் படத்தை நிழல் எல்லாம் போட்டு வரைந்து இருபது நிமிடம் தின்றுவிட்டேன். கடைசிக் கேள்வி பாதியில் நின்றது, அதனால்தான் ஏ வரவில்லை.