மேசைமேல் விழுந்த ஈரத்தடம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மிருக கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். பிராணியைப் பிடித்துக்கொள்வதுதான் என் முக்கிய வேலை.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பாட்டி தன் பூனையைக் கொண்டுவந்தார். பேரன் மோட்டாரை ஓட்ட, மார்க்கெட் கூடையை மடியில் வைத்து, அதன்மேல் துண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு நல்ல கூட்டம். இரண்டு நாய்கள் விடாமல் குரைக்க, முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். மேசையில் வைத்தபோது பூனையின் கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. உள்ளங்கால் வியர்த்து, எஃகு மேசையில் ஈரத்தடம் தடமாக விழுந்தது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 230. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 16 மில்லிமோல். பூனைக்கு 8 தாண்டினாலே யோசிக்க வேண்டும்.

"இனிப்பு நீரா தம்பி? எனக்குத்தான் தினம் ஊசின்னா, இதுக்குமா?" பாட்டியின் குரல் உடைந்துவிட்டது.

டாக்டர் அவசரப்படவில்லை. ஃபிரக்டோசமைன் பரிசோதனைக்கு அனுப்பினார். கடந்த இரண்டு வாரம் சர்க்கரை எப்படி இருந்தது என்று அது சொல்லும். முடிவு சரியாகவே வந்தது. பூனைக்கு வந்தது நோயல்ல, பயம். பயந்ததும் அட்ரினலின் பாய்கிறது, கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது, பின்னாலேயே கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனும் ஏறுகிறது. எல்லாம் ஓடித் தப்பிக்க. கூடைக்குள் எங்கே ஓடுவது? 1911லேயே ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியல் ஆய்வாளர் இதைப் பார்த்திருக்கிறார்: கூண்டிலிருந்த பூனை முன் நாயைக் குரைக்க விட்டால், அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. எங்கள் வரவேற்பறையில் தினமும் நடந்தது அதுதான். அந்த 16ஐ நம்பி இன்சுலின் கொடுத்திருந்தால், வீட்டுக்குப் போனதும் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி வலிப்பே வந்திருக்கலாம்.

சர்க்கரை பரவாயில்லை, தானாக இறங்கிவிடும். இதயம் அப்படியில்லை.

முன்பு வேறோர் இடத்தில் வேலை செய்தபோது, கொஞ்சம் வேகமாக மூச்சு விடுகிறது என்று ஒரு ஆண் பூனையைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கப் படுக்க வைத்தோம். அது திமிறியது. "இன்னும் ஒரு நிமிஷம்" என்றார்கள். நான் பிடியைத் தளர்த்தவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, நாக்கு நீலமானது, அப்புறம் என் கைக்குள்ளேயே அடங்கிவிட்டது. வீட்டுக்காரர் சம்மதத்தோடு திறந்து பார்த்தபோது, இதயத்தின் இடது சுவர் தடித்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியாமல் பூனைகளுக்கு வருகிற நோய் இது. பயத்தில் துடிப்பு எகிறும்போது, தடித்த இதயத்துக்கு இரத்தம் நிரம்ப நேரம் கிடைப்பதில்லை. அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலில் நீர் கோக்கிறது. அந்த உடம்பின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

நாள்பட்ட மன அழுத்தம் வேறு வழியில் அரிக்கிறது. நம் பொட்டானிக் கார்டனில் திரிகிற நீண்டவால் குரங்கினத்தை வைத்து 1980களில் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். கூட்டத்தை அடிக்கடி கலைத்து மாற்றியதில், இடத்தைத் தக்கவைக்கப் போராடிய தலைமை ஆண் குரங்குகளுக்கு இதயக் குழாய்களில் கொழுப்பு அதிகம் படிந்தது. துடிப்பை அடக்கும் மருந்து கொடுத்தவற்றுக்கு அது குறைந்தது.

இப்போது எங்கள் கிளினிக்கில் பூனைக்குத் தனி அறை. கூடையைத் தரையில் வைக்க விடுவதில்லை. முதலில் தூரத்தில் நின்று மூச்சை எண்ணுவேன். இரத்தம் எடுப்பது கடைசியில்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் யார் என்ன சொன்னாலும் கையை எடுத்துவிடுவேன். தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு விட்டால் உடனே கூப்பிடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லி அனுப்புகிறோம்.

பாட்டியை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்கிறோம், நாய்கள் இல்லாத நேரம். துண்டை விலக்காமல் பத்து நிமிடம் கூடையை அப்படியே விடுவோம். பாட்டி அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருப்பார். போன தடவை துடிப்பு 180, சர்க்கரை 7. மேசை காய்ந்தே இருந்தது.