காலி ரேக்கும் புயல் காற்றும்

கூட்ஸ் வண்டி கனமானது, அதைப் புயல் என்ன செய்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கூட்ஸ் கார்டாக வேலை பார்த்த எனக்குக் காலி வண்டி மேல்தான் எப்போதும் பயம். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் காலியாக இருந்தால் 22 டன்னுக்குச் சற்று மேல் இருக்கும். நிரப்பினால் 80 டன்னைத் தாண்டும். ஆனால் காற்று மோதுகிற பக்கத்தகடு இரண்டுக்கும் ஒரே அளவுதான். 58 வேகன்கள் கோத்த காலி ரேக், 600 மீட்டருக்கு மேல் நீண்ட ஒரு தகரச் சுவர் போல நிற்கும். அந்தச் சுவருக்கு அடியில் இருப்பதெல்லாம் சக்கரம்.

ஓடும்போது வருகிற சிரமம் வேறு மாதிரி. பெருமழையைவிடத் தூறல் மோசம் என்பது எந்த லோகோ பைலட்டைக் கேட்டாலும் தெரியும். காய்ந்த தண்டவாளத்தில் படிந்த தூசியும் எண்ணெயும் முதல் தூறலில் குழைந்து வழவழவென்று ஆகிவிடும். நல்ல மழை பெய்தால் அதுவே கழுவி விட்டுவிடும். மேட்டில் ஏறும்போது இன்ஜின் சக்கரம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார்கள். அந்த மணல் ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டால் குழாயில் இறங்காது. அதனால் மழைக்காலத்தில் புறப்படும் முன்பே மணல் பெட்டியைத் திறந்து, கையை விட்டுப் பார்க்கிற டிரைவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

தண்ணீர் ஜல்லிக்கு மேல் ஏறிவிட்டால் வண்டி நின்றாக வேண்டும். இரண்டு பேர், தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பரின் இரு முனைகளிலும் ஆளுக்கு ஒரு பக்கமாக, ஒரே வரிசையில் நடந்து பார்ப்பார்கள். அடியில் மண் அரித்துப் போயிருந்தால் அது மேலே இருந்து தெரியாது. காலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் நடந்து முடித்துச் சைகை காட்டிய பிறகு வண்டி ஊர்ந்து போகும். தண்டவாளத்தைப் பராமரிக்கும் டிராக்மேன்கள் முழங்கால் தண்ணீரில் கம்பை ஊன்றி ஊன்றிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கம்பு இறங்கும் ஆழத்தை ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர் அதே இடத்தில் தன் பக்கம் குத்திப் பார்ப்பார். 80 டன் வேகன்கள் அந்த இரண்டு பேரின் சொல்லை நம்பித்தான் நகர்கின்றன.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, நான் நகரத்துக்கு வடக்கே ஒரு ஸ்டேஷனில் காலி ரேக்கோடு, மெயின் லைனிலிருந்து பிரிந்து நிற்கும் லூப் லைனில் இருந்தேன். புயல் நேரத்தில் மேட்டுக்கரை, பாலம், கடும் வளைவு இவற்றில் வண்டியை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பயணிகள் வண்டி என்றால் ஜன்னல், கதவுகளைத் திறந்துவிடச் சொல்வார்கள், காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். கூட்ஸுக்கு அந்த வழி கிடையாது, கெட்டியாகக் கட்டிப்போட வேண்டியதுதான்.

ஏர் பிரேக் இருக்கிறதே என்று கேட்கலாம். சிலிண்டரில் இருக்கும் காற்று நேரம் ஆக ஆகக் கசிந்துவிடும், பிடியும் தளர்ந்துவிடும். நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு அதை நம்ப முடியாது. அதனால் நானும், ஸ்டேஷனில் தண்டவாளப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனும் காற்று வலுக்கும் முன்பே வேகன் வேகனாகப் போய் ஹேண்ட் பிரேக் சக்கரத்தை முறுக்கினோம். முறுக்கியதோடு விட்டுவிடாமல், பிரேக் கட்டை வண்டிச் சக்கரத்தில் அழுந்தியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சிலவற்றில் கையால் முறுக்கும் சக்கரம் சுற்றும், கட்டை அசையாது. அப்புறம் சங்கிலி போட்டுத் தண்டவாளத்தோடு பூட்டினோம். இரண்டு பக்கமும் மர ஆப்பு வைத்தோம்.

மதியத்துக்கு மேல் வேப்பமரக் கிளைகள் முறிந்து மின்கம்பி மேல் விழ ஆரம்பித்தன. கம்பியில் மின்சாரம் போய்விட்டது. வண்டியின் கடைசியில் கார்டு உட்காரும் பிரேக் வேனில் உட்கார முடியவில்லை, மழை நாலு பக்கமும் அடித்தது. பிறகு சட்டென்று அடங்கியது. பாயிண்ட்ஸ்மேன், "சார், காத்து விட்டுடுச்சு, ஒரு டீ போடட்டுமா?" என்றார். பக்கத்திலேயே நின்ற ஸ்டேஷன் மாஸ்டர், "இருப்பா, இது புயலோட கண்ணு, நடுப்பகுதி. இப்ப எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்" என்றார். வந்தது. அதுவரை வடக்கிலிருந்து தள்ளிய காற்று இப்போது தெற்கிலிருந்து தள்ளியது. தண்டவாளமும் அங்கே வடக்கு தெற்காகத்தான் ஓடுகிறது. ஆப்பை ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரேக் அசையவில்லை.

காற்று ஓய்ந்த பிறகும் எங்களுக்கு வேலை ஓயவில்லை. டீசல் இன்ஜின் வந்து இழுக்கும் முன், போட்ட ஹேண்ட் பிரேக் ஒவ்வொன்றையும் திரும்ப விடுவிக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்தச் சக்கரம் சுற்றாமல் தேய்ந்து, சூடேறி, போகிற வழியெல்லாம் ஆபத்து.

2023 ஜூன் 7 அன்று ஒடிசாவின் ஜாஜ்பூர் கியோஞ்சர் ரோடு ஸ்டேஷனில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பாலசோர் ரயில் விபத்து நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பதால் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இன்ஜின் இல்லாமல் நின்ற கூட்ஸ் வேகன்களுக்கு அடியில் கூலித் தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்கினார்கள். சூறைக்காற்று வேகன்களை உருட்டிவிட்டது. ஏறி இறங்கிய சக்கரங்களில் 6 பேர் போய்விட்டார்கள்.

வேகனுக்கு அடியில் போகாதே என்று சொல்லிவிடுவது எளிது. வேறு நிழல் இல்லாத இடத்தில் மழை வந்தால் மனுஷன் எங்கே போவான்? கூட்ஸ் ஷெட்டிலும் யார்டிலும் ஆட்கள் ஒதுங்கி நிற்க ஒரு கூரை போடுவதையும், ஹேண்ட் பிரேக், சங்கிலி, ஆப்பு போலவே புயல் பாதுகாப்புக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.